மிஸ்ஸி பதில்கள்: இடுப்பு முறிந்தவருக்குக் கால் ஏன் வீங்குகிறது?

சென்ற இதழில் இடுப்பெலும்பு முறிவு பற்றி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் அரைவாசிக்கு மேல் எலும்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எல்லாம் இரத்தம் உறையாமலிருக்க வயிற்றில் போடும் ஊசியும் கால் வீக்கமும்தான். ஒரு விதத்தில் எனக்குச் சந்தோஷம். 31 வருடம் தாதியாக இருந்து, அதில் பெரும்பங்கை எலும்பு முறிவு வார்ட்டில் கழித்தவள் நான். அங்கே இந்தக் கேள்விகளை யாரும் கேட்பதில்லை. பெரிய டொக்டர் ரவுண்ட்ஸ் வந்து கட்டிலடியில் நின்றால் எல்லோருக்கும் வாய் அடைத்துவிடும். துண்டு வெட்டி வீட்டுக்கு விட்டதும், ஓட்டோவில் ஏறி, வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் கேட்க நினைத்ததெல்லாம் ஞாபகத்துக்கு வரும்.

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. வயலில் உழவு மெஷின் பெட்டியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. சத்திரசிகிச்சை தேவையில்லை, ஆறு கிழமைக்குக் காலை ஊன்றக் கூடாது என்று சொல்லி, ஒவ்வொரு நாளும் வயிற்றில் போட ஊசியும் தந்து அனுப்பினார்கள். நான்தான் போட்டேன். வயிறெல்லாம் நீலம் பாரித்துவிட்டது. "கால் நல்லாத்தானே இருக்கு, என்னத்துக்கு இந்த ஊசி" என்று அப்பா பத்து நாளோடு நிறுத்தச் சொன்னார், நிறுத்திவிட்டோம். இப்போது நாலு நாளாக இடது கால் வீங்கியிருக்கிறது. பெரியம்மா நல்லெண்ணெய் காய்ச்சி உருவிவிடச் சொல்கிறா. உருவலாமா?
– ஒரு மகள், கொக்கட்டிச்சோலை

மகள், இதழ் அச்சாகும்வரை காத்திருக்கக்கூடிய கடிதம் இல்லை இது. நீங்கள் எழுதியிருந்த இலக்கத்துக்கு அன்றைக்கே போன் எடுத்தேன். உருவ வேண்டாம், நடக்கவிட வேண்டாம், இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றேன். மண்முனைப் பாலத்தால் பின்னேரமே கொண்டுபோய்விட்டீர்கள். தொடையில் ஓடும் பெரிய நாளத்தில் இரத்தம் உறைந்து கட்டியாகி இருந்ததென்றும், இப்போது கூடின அளவில் மருந்து கொடுத்து வீக்கம் வற்றிவருகிறதென்றும் போன கிழமை சொன்னீர்கள். உங்கள் சம்மதத்தோடுதான் இதைப் போடுகிறேன். இதே கதை இன்னும் பத்து வீட்டில் நடந்துகொண்டிருக்கும்.

முதலில் அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். கால் நல்லாத்தானே இருக்கு என்றார். ஓம், நல்லாத்தான் இருக்கும். டொரொன்டோவில் பெரிய விபத்துகளில் அடிபட்டு வந்த 349 பேருக்கு, உறைவைத் தடுக்கும் மருந்து எதுவும் கொடுக்காத நிலையில், கால் நாளங்களில் சாயம் ஏற்றிப் படம் எடுத்துப் பார்த்தார்கள். முடிவு 1994இல் வெளிவந்தது. 201 பேருக்குக் கட்டி இருந்தது. இடுப்பெலும்பு முறிந்தவர்களில் மட்டும் எடுத்தால் நூற்றுக்கு 61 பேர். சரி, அந்த 201 பேரில், படம் எடுக்கும் முன்னமே காலைப் பார்த்து ஒரு சந்தேகம் வரக்கூடியவர்கள் எத்தனை பேர்? மூன்று பேர். மற்றவர்களுக்கெல்லாம் அப்பாவின் கால் மாதிரித்தான், பார்வைக்கு ஒன்றுமில்லை. இந்தக் கட்டிகளில் பல சத்தமில்லாமல் கரைந்துபோகும். சில கழன்று, இரத்தத்தோடு மேலே போய், இதயத்தைக் கடந்து நுரையீரல் குழாயை அடைத்துவிடும். எது கரையும், எது கழலும் என்று வெளியில் நின்று பார்த்துச் சொல்ல எந்த டொக்டராலும் முடியாது. அதனால்தான் நல்லாயிருக்கிற காலுக்கும் ஊசி.

இடுப்பு முறிந்தால் ஏன் இவ்வளவு கட்டி? நேர்சிங் ஸ்கூலில் விர்ச்சோவின் மூன்று காரணங்கள் என்று பாடமாக்க வைத்தார்கள். ருடோல்ப் விர்ச்சோ 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் வைத்தியர். நாளத்தின் சுவர் காயப்படுவது, இரத்தம் உறையும் தன்மை கூடுவது, இரத்த ஓட்டம் தேங்குவது. இடுப்பு முறிந்தவரிடம் இந்த மூன்றும் ஒன்றாகக் கூடிவிடும். காலிலிருந்து இரத்தத்தை மேலே கொண்டுபோகும் பெரிய நாளங்கள் இடுப்பெலும்பின் உள்விளிம்பை ஒட்டியே ஓடுகின்றன. எலும்பு உடையும் வேகத்தில் அவை நசிபடும். அடிபட்ட உடம்பு இரத்தப்பெருக்கை நிறுத்துவதற்காக உறையும் சக்தியைக் கூட்டிக்கொள்ளும். பெருக்கு நின்ற பிறகும் அது கிழமைக்கணக்கில் பழைய நிலைக்கு இறங்காது. பிறகு அசையாத கால். கெண்டைக்கால் தசை சுருங்கி விரியும்போதுதான் கீழ் இரத்தம் மேலே தள்ளப்படும். உன்னிச்சைக் குளத்து வாய்க்காலைப் பூட்டிய பிறகு வரம்போரம் தேங்கும் தண்ணீரை உங்கள் அப்பாவுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. சில நாளிலேயே பாசி பிடித்துவிடும்.

அடுத்தது வயிற்று நீலம். கொஞ்சம் நீலம் பாரிப்பது வழமைதான். வயிறெல்லாம் என்றால் போடும் முறையில் ஏதோ இருக்கிறது. போனில் கேட்டபோது, "போட்ட பிறகு பஞ்சால நல்லாத் தேய்ச்சுவிடுவன் மிஸ்ஸி" என்றீர்கள். அங்கேதான் பிழை. போட்ட இடத்தைத் தேய்க்கவே கூடாது, பஞ்சை மெல்ல அழுத்திப் பிடித்தால் போதும். தொப்புளிலிருந்து குறைந்தது இரண்டு அங்குலம் தள்ளி, இன்றைக்கு வலது பக்கம் என்றால் நாளைக்கு இடது பக்கம். தோலை இரண்டு விரலால் மடித்துப் பிடித்து, ஊசியை நேர் செங்குத்தாக முழுவதும் இறக்கி, மருந்து முடியும்வரை மடிப்பை விடக் கூடாது. நிரப்பி வரும் ஊசிக்குள் ஒரு சின்னக் காற்றுக் குமிழி தெரியும். உங்களுக்குத் தந்த முழு அளவு ஊசியில் அதை வெளியே தள்ளத் தேவையில்லை, தள்ளினால் மருந்தும் சேர்ந்து போகும். எங்கள் வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே, ஜன்னலோரத்தில் வைக்காதீர்கள். அதற்காக ஐஸ் பெட்டிக்குள் வைத்து உறைய விடவும் கூடாது. ஒரு நாள் தவறினால் அடுத்த நாள் இரண்டு போடக் கூடாது, கிளினிக்குக்குப் போன் எடுத்துக் கேளுங்கள்.

இன்னொன்று. இந்த ஊசி போடுகிற நாட்களில் நோவுக்கென்று பாமசியில் டைக்ளோபினாக் மாதிரிக் குளிசைகளைத் தாமாக வாங்கி விழுங்கக் கூடாது, இரண்டும் சேர்ந்தால் இரத்தம் கசியும். மலம் தார் மாதிரிக் கறுத்துப்போனாலும், சலம் சிவந்தாலும், தலையில் அடிபட்டாலும் உடனே காட்ட வேண்டும்.

இனி எண்ணெய். பெரியம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். நானே உருவினவள்.

1991. நான் தாதிப் பயிற்சியில் இருந்த காலம், நாலு நாள் லீவில் ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் ஊரும் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைதான். மாமா தென்னையிலிருந்து விழுந்து மூன்று கிழமையாகப் பாயில் கிடந்தார். அப்போது மண்முனையில் பாலம் இல்லை, பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில்தான் வாவியைக் கடக்க வேண்டும். பிரச்சினை காலத்தில் அதுவும் ஓடினால்தான் உண்டு. பரியாரியார் வந்து இடுப்புக்குப் பத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தார். எலும்புக்கு அவர் செய்தது நன்றாகவே இருந்தது, மாமாவுக்கு நோவு குறைந்துகொண்டு வந்தது. வலது கால் மட்டும் தூண் மாதிரி வீங்கி, தோல் மினுமினுவென்று இருந்தது. படிக்கிற பிள்ளை என்று என்னிடம் எண்ணெய்ச் சட்டியைத் தந்தார்கள். கணுக்காலிலிருந்து தொடைவரை, கீழிருந்து மேலாக, நன்றாக அழுத்தி இரண்டு நாள் உருவினேன். மூன்றாம் நாள் விடிய மாமா சாய்ந்து இருந்து பிளேன்டீ கேட்டார். உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக் குடிக்கிற பழக்கம் அவருக்கு. "மூச்சு முட்டுது மகள்" என்று மட்டும் சொன்னார். கையிலிருந்த சீனி பாயில் கொட்டியது. நெஞ்சு அடைத்துப் போனார் என்று ஊரில் சொன்னார்கள். அடுத்த வருடம் வகுப்பில் நுரையீரல் அடைப்பு பற்றிய பாடம் எடுத்தபோது நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

ஆகவே உருவல், சுடுதண்ணீர் ஒற்றடம், கட்டு எதுவும் வேண்டாம், ஸ்கேன் எடுத்து கட்டி இல்லையென்று சொல்லும்வரை.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்று சொல்கிறேன். தையல் பெட்டியில் இருக்கும் அளவு நாடாவை எடுங்கள். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் முட்டி நிற்கும் எலும்பிலிருந்து 10 சென்ரிமீற்றர் கீழே, இரண்டு காலிலும் போல்பொயின்ட் பேனையால் ஒரு கோடு. அந்தக் கோட்டில் சுற்றளவை எடுத்துக் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் திகதியோடு எழுதுங்கள். ஒவ்வொரு நாளும் காலையில், கட்டிலை விட்டு இறக்கும் முன்னம். இரண்டு காலுக்கும் வித்தியாசம் 3 சென்ரிமீற்றருக்கு மேல் போனால் விடியட்டும் என்று பார்க்க வேண்டாம். ஆனால் ஒன்று, இடுப்புக்குள்ளேயே கட்டி உண்டானால் கால் வீங்காமலும் இருக்கலாம், கால் ஸ்கேனில் பிடிபடாமலும் போகலாம். அளவு சரியாக இருக்கிறது என்று ஊசியை நிறுத்திவிடாதீர்கள்.

திடீரென்று மூச்சு வாங்கினால், மூச்சு இழுக்கும்போது நெஞ்சில் குத்தினால், இருமலில் இரத்தம் வந்தால், எழுந்ததும் மயங்கினால் உடனே 1990க்குப் போன் எடுங்கள். அந்த இலக்கத்தைச் சொன்னால் எங்கள் தலைமுறைக்கு அந்த வருடத்து யுத்த ஞாபகங்கள்தான் வரும். பிள்ளைகளுக்கு அது அம்புலன்ஸ் நம்பர். நல்லது, அப்படியே இருக்கட்டும்.

கேள்வி: தம்பிக்கு மோட்டார் சைக்கிள் விபத்து. கொண்டுபோனவுடன் இடுப்பைச் சுற்றிப் பெட்ஷீட்டால் இறுக்கிக் கட்டினார்கள். உள்ளுக்குள் இரத்தம் போகிறது என்று நாலு பைன்ட் இரத்தம் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் பார்த்தால் இரத்தம் உறையாமலிருக்க ஊசி போடுகிறார்கள். இரத்தம் போகிறவனுக்கு இந்த ஊசியா? பிழை விட்டுவிட்டார்களா?
– ஒரு அண்ணன், வாழைச்சேனை

பிழை இல்லை தம்பி, சரியான ஒழுங்கில்தான் செய்திருக்கிறார்கள். இடுப்பு வளையம் திறந்தால் உள்ளே லீற்றர் கணக்கில் இரத்தம் சேரும். ஒரு ஆளிடம் இருப்பதே ஏறத்தாழ ஐந்து லீற்றர். பெட்ஷீட்டைத் தொடையெலும்பு துருத்தி நிற்கும் மட்டத்தில் இறுக்கிக் கட்டும்போது திறந்த வளையம் மூடிக்கொள்ளும், பெருக்கு அடங்கும். பார்க்க நாட்டு வேலை மாதிரி இருக்கும், ஆனால் உயிர் காக்கிற கட்டு அது. அந்த நேரத்தில் உறைவுத் தடுப்பு ஊசி போட்டால் ஆபத்து. பெருக்கு நின்று, இரத்த அளவு ஒரே மட்டத்தில் நிற்கிறது என்று தெரிந்த பிறகு, பொதுவாக ஒன்றிரண்டு நாளில் தொடங்குவார்கள். மூளையில் அடிபட்டிருந்தால் இன்னும் தள்ளிப்போகும். இடையில் உள்ள நாட்களுக்குக் காலைச் சுற்றி மாட்டிக் காற்றடைத்து அமுக்கி விடுகிற உறைகள் உண்டு, இருக்கிற ஆஸ்பத்திரிகளில் போடுவார்கள். நீங்கள் பயப்பட வேண்டியது மூன்றாம் நாள் ஊசி தொடங்கியதற்காக இல்லை. தொடங்காமல் விட்டிருந்தால் நானே உங்களைப் போய்க் கேட்கச் சொல்லியிருப்பேன்.

கேள்வி: உம்மாவுக்கு இடுப்பு முறிந்து ஊசி போடுகிறோம். அது பன்றியிலிருந்து எடுக்கிறது என்று பக்கத்து வீட்டு ராத்தா சொல்கிறா. உண்மையா? உம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. நோன்பும் வருகிறது.
– ஒரு மகள், சாய்ந்தமருது

உண்மைதான் தங்கச்சி. மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. எனொக்ஸபரின் என்ற அந்த ஊசி ஹெப்பரினிலிருந்து செய்யப்படுவது, ஹெப்பரின் பன்றிக் குடலின் உட்சவ்விலிருந்து எடுக்கப்படுவது. 1916இல் முதன்முதல் கண்டுபிடித்தது என்னவோ நாயின் ஈரலில். ஈரலுக்கான கிரேக்கச் சொல்தான் ஹெப்பரின் என்ற பெயராகியது. மாற்று இல்லாமல் இல்லை. பொன்டபரினக்ஸ் என்ற ஊசி முழுக்க இரசாயன முறையில் செய்வது. ரிவரொக்ஸபான் மாதிரிக் குளிசைகளும் அப்படித்தான். ஆனால் சிறுநீரகம் எப்படி இருக்கிறது, வயது என்ன, வேறு என்ன மருந்து எடுக்கிறா, எது கிடைக்கும், என்ன விலை என்றெல்லாம் பார்த்துத்தான் டொக்டர் மாற்றுவார். மார்க்கத் தீர்ப்பு சொல்ல நான் ஆளில்லை. உங்கள் மௌலவியிடம் கேளுங்கள், நிர்ப்பந்த நிலை என்றால் என்ன என்று அவர் விளக்குவார். டொக்டரிடமும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். இரண்டு பேரிடமும் கேட்டு முடிக்கும்வரை ஊசியை மட்டும் நிறுத்தாதீர்கள்.

உம்மாவுக்குச் சொல்லத்தான் வேண்டும். உடம்பு அவவுடையது.

நோன்பைப் பற்றி, என்னோடு வேலை செய்த காத்தான்குடி மிஸ்ஸி ஒருவர் வார்ட்டில் சொல்லிக்கொண்டே இருப்பா: நோயாளிக்குச் சலுகை இருக்கிறது, விட்ட நோன்பைச் சுகமான பிறகு பிடித்துக் கழாச் செய்யலாம் என்று. தாதி என்ற முறையில் நான் சொல்லக்கூடியது, தண்ணீர் குறைந்தால் இரத்தம் தடிக்கும், படுக்கையில் இருக்கிறவருக்கு அது நல்லதில்லை என்பது மட்டும்.

கேள்வி: எனக்கு இங்கே ஊசி. அதே மாதிரி முறிவுக்குக் கனடாவில் என் மருமகனுக்கு வெறும் அஸ்பிரின் குளிசை. நாமும் குளிசைக்கு மாறலாமா?
– ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், மட்டக்களப்பு நகரம்

சேர், மருமகனுக்குக் கொடுத்ததும் சரி. அமெரிக்காவிலும் கனடாவிலும் 12,211 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு செய்து 2023இல் வெளியிட்டார்கள். சத்திரசிகிச்சை செய்த கை, கால் முறிவுக்காரர்களும் இடுப்பு முறிவுக்காரர்களும் அதில் இருந்தார்கள். அரைவாசிப் பேருக்கு எனொக்ஸபரின், அரைவாசிப் பேருக்கு 81 மில்லிகிராம் அஸ்பிரின் ஒரு நாளைக்கு இரண்டு தரம். மூன்று மாதத்துக்குள் இறந்தவர்கள் அஸ்பிரினில் நூற்றுக்கு 0.78, ஊசியில் 0.73. நடைமுறையில் ஒன்றுதான். நுரையீரல் அடைப்பும் இரண்டு பக்கமும் 1.49. காலில் கட்டி மட்டும் அஸ்பிரினில் கொஞ்சம் கூட: 2.51க்கு எதிராக 1.71. இந்த எண்களை முதல் கடிதத்துக்குச் சொன்ன 61 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1994இல் மருந்தே இல்லாமல் எல்லோருக்கும் படம் எடுத்துத் தேடினார்கள், 2023இல் மருந்து கொடுத்து, நோய் வெளியில் தெரிந்தவர்களை எண்ணினார்கள். ஆகவே நேரே ஒப்பிட முடியாது. ஆனாலும் மருந்து எதுவானாலும் ஒழுங்காக எடுப்பது என்ன செய்கிறது என்று கணக்கு வாத்தியாருக்கு நான் சொல்லத் தேவையில்லை. டொக்டரிடம் இந்த ஆய்வைச் சொல்லியே கேளுங்கள். முன்பு எப்போதாவது கட்டி வந்திருந்தால், புற்றுநோய் இருந்தால் அவர் ஊசியையே சொல்லக்கூடும். பெட்டகத்தில் கிடக்கும் அஸ்பிரினைத் தானாகத் தொடங்குவது மட்டும் வேண்டாம். ஊசியும் அதுவும் சேர்ந்தால் வேறு கதை.

கேள்வி: ஐந்து கிழமைக்கு முன்னம் இடுப்புக் கிண்ணத்தில் பிளேட் வைத்தார்கள். கட்டார் போக மெடிக்கலுக்குக் கொழும்புக்கு நைட் பஸ்ஸில் போகலாமா?
– 24 வயது, திருக்கோவில்

தள்ளிப் போட முடிந்தால் தள்ளிப் போடுங்கள் மகன். முடியாதென்றால் மட்டக்களப்பு வந்து ரயிலில் போங்கள், காலை நீட்டலாம், மலசலகூடமும் உண்டு. நைட் பஸ்ஸில் எல்லோரும் செய்கிற வேலை, வழியில் இறங்க வேண்டி வரும் என்று பின்னேரத்திலிருந்தே தண்ணீர் குடிக்காமல் விடுவது. பிறகு காலை மடித்து வைத்து விடியும்வரை நித்திரை. எட்டு மணித்தியாலம். ரயிலில் என்றாலும் மணிக்கு ஒரு தரமாவது பாதத்தை மேலும் கீழும் இருபது தரம் மடக்கி நீட்டுங்கள், தண்ணீர் குடியுங்கள், நித்திரைக் குளிசை போடாதீர்கள். ஊசியோ குளிசையோ நிறுத்திவிட்டார்களென்றால் பயணத்துக்கு முன்னம் கிளினிக்கில் ஒருதரம் கேளுங்கள்.

கேள்வி: கட்டி வந்த பிறகு வார்பரின் தந்திருக்கிறார்கள். கீரை சாப்பிடவே கூடாதாம். முருங்கையிலைச் சுண்டல் இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது.
– களுவாஞ்சிகுடி

யார் சொன்னது? கீரையில் உள்ள வைட்டமின் கே வார்பரினின் வேலையைக் குறைக்கும், அது சரி. ஆனால் கிழமைக்கு மூன்று நாள் சாப்பிடுகிறவர் அதே மூன்று நாளும் அதே அளவும் சாப்பிட்டால், டொக்டர் அதற்கேற்ப அளவைப் பொருத்திவிடுவார். ஒரு கிழமை கீரையே இல்லை, அடுத்த கிழமை வல்லாரை, முருங்கை, பொன்னாங்காணி என்று தட்டு நிறைய, அதுதான் கூடாது. இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். இரத்தப் பரிசோதனை வழமையாக 2க்கும் 3க்கும் இடையில் நிற்க வேண்டும், திகதி தவறாமல் போங்கள். நீங்கள் கேட்காத ஒன்று: குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசை எடுப்பவராக இருந்தால் டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஈஸ்ட்ரஜன் உள்ள குளிசை கட்டியைக் கூட்டும். வார்பரின் எடுக்கும்போது கர்ப்பம் தரிப்பதும் பிள்ளைக்கு ஆபத்து. ஆகவே வேறு முறை கேட்டு வாங்க வேண்டும், சும்மா நிறுத்திவிட்டால் சரிவராது.

கேள்வி: போட்டு முடிந்த ஊசிகள் வீட்டில் முப்பதுக்கு மேல் சேர்ந்துவிட்டன. எரிக்கலாமா, புதைக்கலாமா?
– நிந்தவூர்

இரண்டும் வேண்டாம். குப்பையோடு போடவும் வேண்டாம், பிரதேச சபை லொறியில் வருகிற பிள்ளைகளின் கையில் குத்தும். வெறும் பால்மா டின் ஒன்றில், மூடியில் ஒரு துளை வெட்டி, ஊசி போட்ட கையோடு அதற்குள் விடுங்கள். ஊசியின் மூடியைத் திரும்ப மாட்டப் போனால்தான் விரலில் குத்தும். முக்கால்வாசி நிறைந்ததும் துளையை டேப்பால் ஒட்டி, கிளினிக் நாளில் டின்னோடு கொண்டுபோய்க் கொடுங்கள்.